தாந்தேயின் படகு: காவியத்திலிருந்து டெலக்ரோவா எடுத்ததும் மாற்றியதும்

கேள்வி இதுதான்: பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலக்ரோவாவின் ‘தாந்தேயின் படகு’ என்ற ஓவியம் தாந்தேயின் காவியத்தில் எந்த இடத்தைக் காட்டுகிறது, அதை உள்ளபடியே வரைந்திருக்கிறாரா, உணர்ச்சியை முன்னிறுத்திய பிரெஞ்சு ரொமாண்டிக் ஓவியத்தின் தொடக்கம் என்று இதை ஏன் சொல்கிறார்கள்?

நடுவில் இருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உள்ளபடி வரையவில்லை. காவியத்தை வாசித்துவிட்டு இந்த ஓவியத்தின் முன் போய் நின்றால் எங்கே எதை மாற்றியிருக்கிறார் என்பது ஒவ்வொன்றாகத் தெரியவரும். அந்த மாற்றங்களில்தான் கடைசிக் கேள்விக்கான விடையும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கதை. இத்தாலியக் கவி தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியம் மொத்தம் 100 படலங்கள் கொண்டது. அவற்றில் முதல் 34 நரக காண்டம். ஓவியம் எடுத்துக்கொள்வது நரக காண்டத்தின் எட்டாம் படலத்தை. தாந்தேயும், அவருக்கு வழிகாட்டியாக வரும் ரோமானியக் கவி விர்ஜிலும் ஐந்தாம் வட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். கோபத்துக்கு ஆட்பட்டு வாழ்ந்தவர்கள் அங்கே ஸ்டிக்ஸ் என்னும் சேற்று நீரில் கிடந்து உழல்கிறார்கள். நமக்கு வைதரணி நினைவுக்கு வரும், ஆனால் இது ஓடும் ஆறு கூட இல்லை, தேங்கிப்போன சதுப்பு. அக்கரையில் தீதே என்னும் நகரம் தீயில் சிவந்து நிற்கிறது. பிளேகியாஸ் என்பவன் அம்புபோல் பாய்ந்துவரும் படகோடு வந்து சேர்கிறான்.

இந்தப் பிளேகியாஸ் யார் என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். தன் மகளை அப்போலோ கெடுத்துவிட்டான் என்ற ஆத்திரத்தில் அந்தத் தெய்வத்தின் கோயிலுக்கே தீ வைத்தவன் என்பது பழங்கதை. கோபக்காரர்களின் ஏரிக்குப் படகோட்டியாக இருக்க இவனைவிடப் பொருத்தமானவன் கிடையாது. விர்ஜில் தம்முடைய ‘ஈனியட்’ காவியத்தின் ஆறாம் பகுதியில் இதே பிளேகியாஸைப் பாதாளத்தில் தண்டனை அனுபவிப்பவனாகப் பாடியிருக்கிறார். ஆக, தாம் பாடிய பாத்திரம் துடுப்புப் போட, அந்தப் படகில் விர்ஜில் பயணம் போகிறார். ஓவியத்தைப் பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அவர் முகத்தில் உள்ள அமைதி இன்னும் வேடிக்கையாக இருக்கும்.

காவியத்தில் படகு நடுவழியில் போகும்போது சேறு பூசிய ஓர் உருவம் எழுந்து, “காலம் வருமுன்னே வருகிற நீ யார்?” என்று கேட்கிறது. பிலிப்போ அர்ஜென்தி. தாந்தேயின் ஊரான பிளாரன்ஸைச் சேர்ந்தவன், எதிர்க்கட்சிக் குடும்பத்தான். தாந்தே அவனுக்குத் துளியும் இரங்கவில்லை. அழுதுகொண்டு இங்கேயே கிட என்கிறார். அவன் இரண்டு கைகளாலும் படகைப் பற்ற வருகிறான். விர்ஜில் அவனைத் தள்ளிவிட்டு, மற்ற நாய்களோடு போய்ச் சேர் என்கிறார். பிறகு தாந்தேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார், அவருடைய சினத்தைப் பாராட்டுகிறார். அதுவும் போதாமல், அவன் இந்தச் சேற்றில் அமுக்கப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தாந்தே கேட்க, அந்த ஆசையும் நிறைவேறுகிறது. மற்றவர்கள் அவன்மேல் பாய்ந்து குதறுகிறார்கள். அவன் தன்னைத்தானே கடித்துக்கொள்கிறான். 1302இல் பிளாரன்ஸிலிருந்து விரட்டப்பட்ட ஒரு மனிதர் எழுதிய வரிகள் இவை. கோபக்காரர்களின் வட்டத்தில் அதிகக் கோபத்தோடு இருப்பவர் கவிதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்போது ஓவியத்துக்கு வருவோம். ஏறத்தாழ 189 சென்டிமீட்டர் உயரம், இரண்டே கால் மீட்டருக்கும் மேல் அகலம். நடுவில் படகு. சிவப்புத் தலைத்துணி அணிந்த தாந்தே ஒரு கையைத் தூக்கி, நிலைதடுமாறிப் பின்வாங்குகிறார். அவருடைய இன்னொரு கையை விர்ஜில் பிடித்திருக்கிறார், தலையில் இலைமுடி, முகத்தில் சலனமே இல்லை. பிளேகியாஸ் நமக்கு முதுகைக் காட்டி, உடலை முறுக்கித் துடுப்பை இழுக்கிறான். அவன் இடுப்பைச் சுற்றியிருந்த நீலத் துணி காற்றில் பிய்த்துக்கொண்டு பறக்கிறது. பின்னால் புகையும் தீயுமாக நகரம். முன்னால், படகைச் சுற்றிலும், நிர்வாண உடல்கள். ஒருவன் படகின் விளிம்பைப் பல்லால் கவ்வியிருக்கிறான். ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். வேறு சிலர் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்கிறார்கள்.

பிலிப்போ அர்ஜென்தி எங்கே? அதுதான் முதல் மாற்றம். காவியத்தில் படகைத் தொட வந்தவன் ஒருவன், அவனுக்குப் பெயரும் குடும்பமும் பழைய பகையும் உண்டு. ஓவியத்தில் அந்த ஒருவன் கூட்டமாகிவிட்டான். ஓவியம் முதலில் காட்சிக்கு வந்த 1822ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியின் பட்டியலுக்கு டெலக்ரோவா கொடுத்த குறிப்பிலும் அர்ஜென்தியின் பெயர் இல்லை. பிளேகியாஸ் ஓட்டும் படகில் இருவரும் நரக நகரின் மதில்களைச் சூழ்ந்த ஏரியைக் கடக்கிறார்கள், பாவிகள் படகைப் பற்றிக்கொள்கிறார்கள் அல்லது ஏற முயல்கிறார்கள், அவர்களில் பிளாரன்ஸ்காரர்களைத் தாந்தே அடையாளம் காண்கிறார் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. யார் அர்ஜென்தி என்று ஒவ்வோர் உருவமாக விரல் வைத்துத் தேடும் விமரிசகர்கள் உண்டு. அது வீண் வேலை. ஓவியருக்கு வேண்டியிருந்தது ஒரு பகைவன் அல்ல, உடல்கள்.

இரண்டாவது மாற்றம் இன்னும் பெரியது. காவியத்தின் தாந்தே இந்த இடத்தில் சினந்து நிற்கிறார், எதிரி துன்பப்படுவதைப் பார்த்து மகிழ்கிறார். ஓவியத்தின் தாந்தே அஞ்சி நடுங்குகிறார். தள்ளிவிடும் விர்ஜில் இல்லை, முத்தம் இல்லை, “நாய்களோடு போ” இல்லை. கையைப் பிடித்துத் தாங்கும் ஒருவர், தாங்கப்படும் ஒருவர், அவ்வளவுதான். பார்க்கிற நாமும் தாந்தேயின் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். காவியத்தில் அது அத்தனை எளிதாக நடக்காது. அங்கே வாசகருக்குத் தாந்தேமீதே கொஞ்சம் அச்சம் வரும். நேர்மையாகச் சொன்னால் அறச்சிக்கல் ஓவியத்தில் குறைந்துதான் போயிருக்கிறது. அதற்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது நேரில் நிற்கும் திகில்.

மூன்றாவது நீர். தேங்கிய சேறாகத் தாந்தே பாடியதை டெலக்ரோவா கொந்தளிக்கும் கடலாக்கிவிட்டார். இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. காவியத்தில் விர்ஜில் படகில் ஏறியபோது அது அசையவில்லை, தாந்தே காலை வைத்த பிறகுதான் பாரம் ஏறியதுபோல் தாழ்ந்தது. ஏனென்றால் அங்கே உயிருள்ள உடல் அவர் ஒருவருடையதுதான், மற்றவர்கள் ஆவிகள். ஓவியத்தில் இது தலைகீழாகிவிட்டது. ஆவிகள்தாம் கனக்கின்றன. அவற்றின் தோளும் தொடையும் எலும்பும் தசையுமாக, மைக்கேலாஞ்சலோ செதுக்கியவைபோல் இருக்கின்றன. அந்தக் கைகளின் எடையில் படகு எந்த நொடியும் கவிழும் என்று தோன்றுகிறது.

கடல், கவிழப்போகும் கலம், குவிந்து கிடக்கும் உடல்கள் என்றதும் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் ‘மெதூசாவின் மிதவை’ நினைவுக்கு வந்தால் அது சரிதான். 1819இல் காட்சிக்கு வந்த அந்தப் பிரம்மாண்டமான ஓவியத்துக்காக, முகம் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும் ஓர் உருவத்துக்கு மாதிரியாகப் படுத்துக் கொடுத்தவர் இளம் டெலக்ரோவாவே. இருவரும் கெரான் என்ற ஆசிரியரின் பட்டறையில் பயின்றவர்கள். ஜெரிக்கோ நாளேட்டில் வந்த ஒரு கப்பல் விபத்தை எடுத்துக்கொண்டார். டெலக்ரோவா அந்த விபத்தின் உடல்மொழியை வாங்கி ஐந்நூறு ஆண்டு பழைய காவியத்துக்குக் கொடுத்தார். தாந்தேயிலிருந்து அதற்கு முன் ஓவியர்கள் பெரிதும் விரும்பியவை இரண்டு கதைகள்: காதலர் பாவ்லோ–பிரான்செஸ்கா, சிறையில் பட்டினி கிடந்த உகொலினோ. இரண்டுமே கண்ணீர்க் கதைகள். எட்டாம் படலத்தில் கண்ணீருக்கு இடமில்லை. அதைப் பெரிய கான்வாஸில் எடுத்துக்கொண்டதே ஒரு துணிச்சல்.

அவர் நிலைமை அப்போது நன்றாக இல்லை. 1798 ஏப்ரலில் பிறந்தவர், ஓவியம் காட்சிக்கு வந்தபோது 24 வயது நிறையும் தறுவாயில் இருந்தார். பெற்றோர் இருவரும் இறந்துவிட்டார்கள், குடும்பச் சொத்து கரைந்துவிட்டது. கண்காட்சி 1822 ஏப்ரல் 24 அன்று திறந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் நண்பர் சூலியேவுக்கு எழுதிய கடிதத்தில், இரண்டரை மாதங்களாக நாய்போல் உழைத்து ஒரு பெரிய ஓவியத்தை முடித்திருப்பதாகவும், இது தாம் ஆடும் ஓர் அதிர்ஷ்டப் பரீட்சை என்றும் சொல்கிறார். அந்த அவசரத்துக்குக் கான்வாஸ் விலை கொடுத்தது. ஒரு பூச்சு காயுமுன் அடுத்ததைப் பூசினால் எண்ணெய் வண்ணம் பின்னாளில் வெடிக்கும். மேலடுக்கு முதலில் இறுகிவிட, அடியில் உள்ளது பிறகு காய்ந்து சுருங்குவதுதான் காரணம். இதிலும் பெரிய வெடிப்புகள் கண்டன. 1860 வாக்கில், வயதான டெலக்ரோவா அனுமதி பெற்றுத் தம் கையாலேயே அவற்றைச் சரிசெய்தார்.

வேகத்தின் நல்ல பக்கமும் ஒன்று உண்டு, அதை அவரே பதிவு செய்திருக்கிறார். 1853 டிசம்பரில் எழுதிய நாட்குறிப்பில், இந்த ஓவியத்தில் மிகச் சிறந்த தலை எது என்று சொல்கிறார்: படகின் பின்புறம், நம்மைப் பார்த்தபடி, விளிம்பின்மேல் கையைப் போட்டு ஏற முயல்கிறானே, அவனுடையது. பியெத்ரி என்ற நண்பர் பக்கத்தில் அமர்ந்து தாந்தேயின் ஒரு படலத்தை இத்தாலியத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குரலின் வேகம் மின்சாரம்போல் பாய, மளமளவென்று வரைந்து முடித்ததாம். முன்பே தெரிந்த படலம்தான், ஆனால் சொன்ன விதம் உலுக்கிவிட்டது என்கிறார். காவியம் ஓவியமாவது பற்றி எத்தனையோ கோட்பாடுகள் வந்துவிட்டன. எனக்கு இந்த ஒரு குறிப்பு போதும். அவர் பொருளை வரையவில்லை, ஓசையை வரைந்திருக்கிறார். நகலோ அச்சுப் படமோ கையில் இருந்தால் அந்தத் தலையைத் தேடிப் பாருங்கள். மற்ற உருவங்களில் பட்டறைப் பயிற்சி தெரியும். அதில் தெரியாது.

பட்டறைப் பயிற்சி என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ‘ரொமாண்டிக்’ என்ற பெயரைக் கேட்டுவிட்டுக் கட்டுக்கடங்காத ஒன்றை எதிர்பார்த்துப் போகிறவர்கள் சற்று ஏமாறுவார்கள். நின்றிருக்கும் உருவங்கள் நடுவில், மற்றவர்கள் படுக்கைவாட்டில் வரிசையாக, ஒவ்வோர் உடலும் தனித்தனியே ஆய்ந்தெடுத்த நிலையில். இவையெல்லாம் அப்போதைய பிரெஞ்சு ஓவியத்தின் தலைமகனான தாவீதின் மாணவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடிய நவசெவ்வியல் இலக்கணம், அதாவது கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட ஒழுங்கு. எலும்புக்கூடு பழையது. புதிது இருப்பது வண்ணத்தில்.

சிவப்புத் தலைத்துணியைச் சுற்றிப் பச்சை கலந்த இருள், தீயின் செம்மஞ்சளுக்கு எதிர்முனையில் பிளேகியாஸின் நீலம். எதிரெதிர் வண்ணங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதை வேதியியலாளர் ஷெவ்ரோல் நூலாக எழுதியது 1839இல்தான். டெலக்ரோவா அதைக் கண்ணால் கற்றிருந்தார், முக்கியமாகப் பதினேழாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸிடமிருந்து. இதற்கான சான்று ஓவியத்திலேயே இருக்கிறது: முன்வரிசை உடல்களின் மேல் நிற்கும் நீர்த்துளிகள்.

இந்தத் துளிகளைப் பற்றிக் கலை வரலாற்றாசிரியர்கள் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்று முதலில் தோன்றலாம். அருகில் போனால் காரணம் விளங்கும். வழக்கமான முறையில் ஒரு துளி என்றால் தோலின் நிறத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, மேலே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் முடிந்தது. இங்கே ஒரே துளிக்குள் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நான்கு வண்ணங்கள் கலக்காமல் அருகருகே கீற்றுகளாக நிற்கின்றன. பத்தடி பின்னால் வந்தால் அவை சேர்ந்து ஒளிரும் நீராகின்றன. கலவைத் தட்டில் நடக்க வேண்டிய கலப்பைப் பார்ப்பவரின் கண்ணுக்கு விட்டுவிட்டார். துளிகளுக்கு வழிகாட்டியவை ரூபென்ஸின் கடற்கன்னியர் என்று டெலக்ரோவாவே சொன்னதாக அவருடைய உதவியாளர் ஆந்திரியே குறித்து வைத்திருக்கிறார். மரீ த மெதிசி அரசி மார்சேயில் கரையிறங்கும் ஓவியத்தில், கப்பலின் அடியில் ஈர உடம்போடு புரளும் பெண்கள் அவர்கள். ரூபென்ஸ் வானவில்லின் வண்ணங்களை நீருக்குள் வைத்திருப்பதைப் பார்த்து இவர் இன்னும் ஓரடி போனார். அரை நூற்றாண்டு கழித்து, தனித்தனி வண்ணத் தீற்றல்களால் ஒளியை வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகள் கான்வாஸ் முழுக்கச் செய்ததன் விதை இந்த இரண்டு விரற்கடை இடத்தில் இருக்கிறது என்பது மிகையான பேச்சுத்தான், ஆனாலும் பொய்யான பேச்சு இல்லை.

கண்காட்சியில் வரவேற்பு இரண்டாகப் பிரிந்தது. தாவீதின் மாணவரும் விமரிசகருமான டெலக்ளூஸ் வண்ணத்தை அப்பிவைத்திருக்கிறார் என்ற பொருளில் ஏளனம் செய்தார். எதிர்ப்பக்கத்தில் 25 வயதே ஆன ஒரு பத்திரிகையாளர், ‘கோன்ஸ்தித்யூசியோனேல்’ இதழில், ஒரு பெரிய ஓவியரின் எதிர்காலம் இதில் தெரிகிறது என்று எழுதினார். அவர் அடோல்ஃப் தியேர், பிற்காலத்தில் பிரான்ஸின் குடியரசுத் தலைவரானவர். கலை விமரிசனத்தில் அரசியல்வாதிகள் சொன்ன சொல் பலித்தது அபூர்வம். மூத்த ஓவியரான குரோ இந்தப் படத்தை ‘அடக்கம் கற்ற ரூபென்ஸ்’ என்று புகழ்ந்தார். ஏழை இளைஞர் நான்கு மரச்சட்டங்களை ஆணியடித்துக் கொண்டுவந்திருந்ததைப் பார்த்து, தம் செலவில் நல்ல சட்டம் போட வைத்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். அதே குரோதான் இரண்டு ஆண்டுகள் கழித்து டெலக்ரோவாவின் ‘கியோஸ் படுகொலை’யைப் பார்த்துவிட்டு, இது ஓவியக் கலையின் படுகொலை என்றார். முதல் பாராட்டில் ‘அடக்கம்’ என்ற சொல்லுக்கு இருந்த அழுத்தம் அப்போதுதான் புரிகிறது.

ஆக, தொடக்கம் என்று ஏன் சொல்கிறார்கள்? ஜெரிக்கோ முந்தியவர், ஆகையால் ‘முதல்’ என்ற பட்டம் சரிவராது. ஆனால் இங்கே மூன்று சங்கதிகள் சேர்ந்து வந்தன. கிரேக்க, ரோமானிய வீரக்கதைகளுக்கு உரிய இடத்தில் ஓர் இடைக்காலக் கிறித்தவக் கவியின் நரகம் வந்து அமர்ந்தது. கதை சொல்ல வேண்டிய பாத்திரம் செயலற்று, உணர்ச்சிவயப்பட்டு நின்றது. கோடு செய்ய வேண்டிய வேலையை வண்ணம் எடுத்துக்கொண்டது. இவற்றில் நடுவில் சொன்னதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தாவீதின் நாயகன் வாளை நோக்கிக் கை நீட்டுவான், அவன் செய்யப்போவது என்ன என்று நமக்குத் தெரியும். இந்தத் தாந்தே தூக்கிய கையால் எதையும் செய்யப்போவதில்லை. காவியத்தில் இருந்த கோபத்தைக் கழித்துவிட்டு அச்சத்தை மட்டும் வைத்ததால் கிடைத்தது அந்தக் கை.

ஓவியத்தை அரசு 2,000 பிராங்குக்கு வாங்கி, வாழும் கலைஞர்களுக்கென 1818இல் திறக்கப்பட்டிருந்த லுக்ஸம்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. அங்கே முன்பு தொங்கிக்கொண்டிருந்தவை ரூபென்ஸின் மரீ த மெதிசி ஓவியங்கள்தாம், சில ஆண்டுகளுக்கு முன்தான் லூவ்ருக்குப் போயிருந்தன. துளிகளைக் கற்ற மாணவன் ஆசிரியர் காலி செய்த வீட்டில் குடிபுகுந்தது போலாயிற்று. டெலக்ரோவா 1863இல் இறந்தார். ஓவியம் 1874இல் லூவ்ருக்கு மாறியது.

லுக்ஸம்பூரில் இருந்தபோதே இளைஞர்கள் வந்து நகலெடுத்தார்கள். பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரான மனே இருமுறை நகலெடுத்திருக்கிறார். ஒன்று அடக்கமான, மூலத்தை ஒட்டிய நகல், லியோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது நியூயார்க் மெட்ரோபாலிடனில் இருக்கும், தூரிகையை அவிழ்த்துவிட்ட நகல். அனுமதி கேட்டு நண்பரோடு டெலக்ரோவாவின் வீட்டுக்கே போனாராம். அவர் மரியாதையாகத்தான் நடத்தினார், ஆனால் குளிர்ந்த மரியாதை. போய் ரூபென்ஸைப் பாருங்கள், ரூபென்ஸை நகலெடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓவியர் செசானும் பின்னர் இந்தப் படகை நகலெடுத்தார்.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. லூவ்ரில் டெனோன் பிரிவில், பெரிய பிரெஞ்சு ஓவியங்கள் இருக்கும் பகுதியில் இது தொங்குகிறது, ‘மெதூசாவின் மிதவை’யும் அங்கேதான். மிதவை சுமார் ஐந்து மீட்டர் உயரமும் ஏழு மீட்டர் அகலமும் கொண்டது என்பதால் அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் படகு சிறியதாகத் தெரியும். ஆகவே முதலில் படகிடம் வாருங்கள்.

டெலக்ரோவா தாந்தேயை இத்தோடு விடவில்லை. 1840களில் லுக்ஸம்பூர் அரண்மனை நூலகத்தின் குவிமாடத்தில் வரையும் பணி கிடைத்தபோது அதே நரக காண்டத்தின் நான்காம் படலத்தை எடுத்துக்கொண்டார். விர்ஜில் தாந்தேயை அழைத்துப்போய் ஹோமரிடம் அறிமுகம் செய்யும் இடம். பசும்புல், ஒளி நிறைந்த வானம், சுற்றிலும் பழங்கால மேதைகள். பொருள் அதே கவி, அதே வழிகாட்டி. ஆனால் கைநடுக்கம் இல்லை, கொந்தளிப்பு இல்லை. காவியத்தில் இந்தச் சந்திப்பு முதலிலும் படகுப் பயணம் பிறகும் வரும். ஓவியர் வாழ்க்கையில் வரிசை மாறிவிட்டது. அது செனட் கட்டடம் என்பதால் எல்லா நாளும் உள்ளே விடமாட்டார்கள். பாரிஸ் போகிறவர்கள் திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.